அரை நிமிஷ அடுப்பு... எல்.இ.டி பல்புக்குள் ஒரு பத்தர் வேலை!

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து போய்விட்டது. ஆனால், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இரு கரையும் முட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. பாகூர் பக்கத்து ஆற்றோர ஊர்களில் யாருக்கும் தூக்கம் இல்லை. நான் மாட்டிக்கொண்டது சோரியாங்குப்பத்தில், சித்தி வீட்டில். கரன்ட் இல்லை. கூடத்து ஆணியில் தொங்கிய ரீசார்ஜ் பல்பு ஒன்றுதான் வெளிச்சம்.

ஆயா அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள என்னாடி எரியுது? திரியும் இல்ல, கம்பியும் இல்ல."

சித்தி மகள், அப்போது எம்.எஸ்ஸி இயற்பியல் இரண்டாம் வருஷம், பாயில் படுத்தபடியே சொன்னாள். "எதுவும் எரியல ஆயா. எல்லாம் ஒட்டுலதான் இருக்கு."

"எந்த ஒட்டு?"

"உலோகமும் கல்லும் ஒட்டுற ஒட்டு. அதுதான் என் புராஜெக்ட்."

யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான். 'டிஜிட்டல் டெஸ்க்'கில் வேலை பார்க்கிறேன் என்று பெயர், ஆனால் தலைக்கு மேலே தொங்கும் பல்பு எப்படி எரிகிறது என்று யோசித்ததே இல்லை. அது புரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதற்குள் தங்கச்சி இரண்டு துண்டுக் கல்லைக் கருக்கியிருந்தாள். சித்தியின் 3 பவுன் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது.

முதலில் பல்பு கதை. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. வீட்டுக்கு வீடு எல்.இ.டி பல்பு கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் நாடு முழுவதும் போவதற்கு முன்பே, 2014-ல் புதுச்சேரியில்தான் தொடங்கியது. பழைய குண்டு பல்புகளைக் கொடுத்தால், 10 ரூபாய்க்கு ஒன்று என்று 3 எல்.இ.டி பல்புகள். அப்போது அரசு ஒரு பல்பை வாங்கிய விலை 310 ரூபாய். 2016-ல் அதே கொள்முதல் விலை 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. சித்தி வீட்டுத் திண்ணை பல்பு அந்த மூன்றில் ஒன்று என்று ஆயா அடித்துச் சொல்கிறார். நான் நம்பவில்லை. சண்டை போடவும் இல்லை.

அதே 2014 அக்டோபரில்தான் நீல எல்.இ.டி-க்காக ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவித்தார்கள்: இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா. நம் பல்பின் வெள்ளை வெளிச்சம் உண்மையில் நீலம்தான். உள்ளே கடுகளவு சில்லு ஒன்று நீலமாக ஒளிர்கிறது. அதன் மேல் பூசிய மஞ்சள் பொடி அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. அந்தச் சில்லின் பொருள், காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தி.

சில்லு ஒளிர வேண்டுமென்றால் மின்சாரம் உள்ளே போக வேண்டும். மின்சாரம் வருவது உலோகம் வழியாக. ஆக, எங்கேயோ ஓர் இடத்தில் உலோகம் அந்தக் கல்லைத் தொட்டாக வேண்டும். தங்கச்சி சொன்ன 'ஒட்டு' அதுதான். லேபில் 'கான்டாக்ட்' என்கிறார்கள்.

ஃபுட் வால்வும் வெறும் பைப்பும்

பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும். தண்ணீர் மேலே வரும், திரும்பக் கீழே போகாது. உலோகத்தைக் குறைகடத்தியின் மேல் சும்மா பூசிவிட்டால், பெரும்பாலும் அங்கே ஒரு ஃபுட் வால்வு தானாக உருவாகிவிடும். ஒரு பக்கம் மின்சாரம் போகும், மறுபக்கம் மறிக்கும். இதற்கு ஷாட்கி கான்டாக்ட் என்று பெயர். சில கருவிகளுக்கு இதுவேதான் வேண்டும்.

ஆனால், பல்புச் சில்லுக்கு வேண்டியது வெறும் பைப் ஜாயின்ட். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடையில்லாமல் ஓட வேண்டும். இதன் பெயர் ஓமிக் கான்டாக்ட். வால்வைப் பிடுங்கிவிட்டுப் பைப்பாக்கும் வேலையைச் செய்வது சூடு. இந்தச் சூட்டு வேலையை அனீலிங் என்பார்கள்.

"எவ்ளோ சூடு?" என்று கேட்டேன்.

"850 டிகிரி. அரை நிமிஷம்."

"அரை நிமிஷமா? எங்க வீட்டு பாலே காயாது!"

அவள் சிரிக்கவில்லை. அந்த அரை நிமிஷம்தான் அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது.

என்ன நடக்கிறது அந்த அரை நிமிஷத்தில்? கல்லின் மேல் நான்கு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுகிறார்கள். அடியில் டைட்டானியம், அதன் மேல் அலுமினியம், நிக்கல், உச்சியில் தங்கம். தங்கத்தின் கனம் ஏறக்குறைய 50 நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் 80,000 நானோமீட்டர் அளவுக்கு இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சூடு ஏறியதும் டைட்டானியம் தன் கீழே இருக்கும் கல்லிலிருந்து நைட்ரஜனைக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு டைட்டானியம் நைட்ரைடாக மாறுகிறது. நைட்ரஜன் போன இடம் கல்லில் காலியாக நிற்கிறது. அந்தக் காலி இடங்கள் எலக்ட்ரான்களைத் தாராளமாக விடுகின்றன. அதனால் ஒட்டு இருக்கும் இடத்தில் மறிக்கும் சுவர் மெலிந்துபோகிறது. மெலிந்த சுவரை எலக்ட்ரான் ஏறித் தாண்ட வேண்டியதில்லை. ஊடுருவியே போய்விடும்.

எனக்குப் பிடித்த விஷயம் இது. கல்லில் ஒரு சின்னச் சேதம் செய்துதான் நல்ல ஒட்டு கிடைக்கிறது. சேதம் போதவில்லை என்றால் வால்வு அப்படியே இருக்கும். அதிகமானால் எல்லாம் போச்சு. டைட்டானியமும் அலுமினியமும் பூசி, 900 டிகிரியில் 30 விநாடி நைட்ரஜனில் சூடாக்கினால் தடை மிகக் குறைந்த ஒட்டு கிடைக்கும் என்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹதிஸ் மோர்கோச் குழு 1994-ல் எழுதியது. முப்பது வருஷம் கழித்தும் லேப்களில் அந்தச் செய்முறையின் பேரன் பேத்திகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"பொடி வெச்சு ஊதறாங்களா?"

மார்ச் மாதம் மறுபடி சோரியாங்குப்பம் போனபோது வீடு சரியில்லை. தங்கச்சி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் சித்தி. "என் சங்கிலிய அடகு வெச்சு ஃபீஸ் கட்டினேன். இவ கல்லு மேல தங்கத்தப் பூசி அடுப்புல கருக்கிட்டு வந்து உக்காந்திருக்கா" என்று என்னிடம் வழக்கு வைத்தார்.

கல்லு என்று சித்தி சொன்னது கிண்டலுக்கு. ஆனால் அது நிஜமாகவே கல்தான். காலியம் நைட்ரைடை மெல்லிய படலமாக வளர்ப்பது நீலக்கல் தகட்டின் மேல். ராசிக்கல் கடையில் பார்க்கும் நீல நிறம் இருக்காது, கண்ணாடி மாதிரி இருக்கும். அப்படி ஒரு தகட்டிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகள் அவளுக்குக் கிடைத்திருந்தன. ஒவ்வொன்றும் சின்ன விரல் நகம் அளவு. உலோகப் பூச்சை வேறோர் ஊரில் இருக்கும் பெரிய லேபில் செய்து வாங்கி வந்தாள். சூடு ஏற்றுவதைத் தன் துறையில் இருக்கும் குழாய் உலையிலேயே முடித்துவிடலாம் என்று முடிவு. அங்கேதான் சறுக்கல்.

குழாய் உலை 850 டிகிரிக்கு ஏற ஒரு மணி நேரம். இறங்க அதைவிட நேரம். அரை நிமிஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அத்தனை நேரம் உருகிய நிலையில் கிடந்து, முதல் துண்டின் மேல் அது குண்டு குண்டாகத் திரண்டுவிட்டது. மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைக் காட்டினாள். அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. பட்டைகளின் விளிம்புகள் வழிந்து அடுத்த பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டாவது துண்டை உலைக்குள் வைத்திருந்தபோது நைட்ரஜன் சிலிண்டர் பாதியில் தீர்ந்துபோனது. காற்று புகுந்தது. மேலே எல்லாம் கறுத்து, ஆக்ஸைடு படிந்து, மின்சாரமே சரியாகப் போகவில்லை.

ஆயா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்வி. "அப்போ பத்தர் பொடி வெச்சு ஊதறாரே, அந்த மாதிரியா?"

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

ஆயாவின் கல்யாணச் சங்கிலி அறுந்தபோதெல்லாம் பாகூரில் ஒரு பத்தரிடம் கொடுப்பார்களாம். ஆயா எதிரிலேயே உட்கார்ந்து பார்ப்பார் (தங்கம் அல்லவா!). கண்ணி சேரும் இடத்தில் பொடி வைத்து, வெங்காரம் தடவி, ஊதுகுழலில் ஊதுவார். பொடி உருக வேண்டும், சங்கிலி உருகக் கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் சுடரை எடுத்துவிட வேண்டும். "கொஞ்சம் வுட்டா கண்ணியே ஒழுவிடும். வெங்காரம் தடவலைன்னா கறுத்துடும், புடிக்காது."

வெங்காரம் அங்கே செய்வது, சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்ஸைடு படியாமல் காப்பது. தங்கச்சியின் உலையில் நைட்ரஜனுக்கும் அதே வேலை. இரண்டு துண்டுகள் ஏன் போயின என்று அவள் ரிப்போர்ட்டில் நான்கு பக்கம் எழுதியிருந்ததை ஆயா இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பத்தர் கதையில் இல்லாத ஒன்று மட்டும் உண்டு. பத்தர் இரண்டு பக்கமும் ஒரே தங்கத்தை ஒட்டுகிறார். இங்கே ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் உலோகமே இல்லாத ஒரு பொருள். அதனால்தான் இவ்வளவு பாடு.

கெடுத்த காற்றே காப்பாற்றிய கதை

இத்தனை நேரம் சொன்னது சில்லின் ஒரு பக்கம், 'என் வகை'ப் பக்கம். எதிர்ப்பக்கத்துக்கு 'பி வகை' என்று பெயர். அதன் கதை இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் அந்தப் பக்கத்தை உண்டாக்கவே சூடு வேண்டியிருந்தது.

பி வகை செய்ய காலியம் நைட்ரைடில் மக்னீசியம் கலக்க வேண்டும். கலந்தும் பல வருஷம் வேலைக்கு ஆகவில்லை. 1989-ல் நகோயாவில் அமானோவும் அகசாகியும் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியபோது அது உயிர் பெற்றது. ஏன் என்று புரியவில்லை. ஷிகோகு தீவில் அனான் என்ற சின்ன ஊர். அங்கே நிச்சியா என்ற கம்பெனியில் வேலை பார்த்த நகமுரா, 1992-ல் வெறும் சூட்டை வைத்தே அதைச் செய்து காட்டினார். நைட்ரஜனில் 700 டிகிரி. 10 லட்சம் என்று இருந்த மின்தடை எண் 2-க்கு விழுந்தது! அதே துண்டை அம்மோனியா வாயுவில் சூடாக்கினால் பழையபடி மின்சாரம் போகாத கல்லாகிவிட்டது. அம்மோனியாவில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஆக, மக்னீசியத்தைக் கட்டிப்போட்டிருந்த குற்றவாளி ஹைட்ரஜன். சூடு அதை விரட்டுகிறது. அடுத்த வருஷமே பளிச்சென்ற நீல எல்.இ.டி-யை நிச்சியா வெளியிட்டது.

பி வகை கிடைத்தாலும் அதன் மேல் ஒட்டு வைப்பது தனித் தலைவலி. கணக்குப்படி அதற்குப் பொருந்தும் உலோகத்தின் 'வெளியேற்று ஆற்றல்' 7.5 எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும். உலோகங்களில் உச்சத்தில் நிற்கும் பிளாட்டினமே 6-ஐத் தொடவில்லை. பொருத்தமான உலோகம் உலகத்திலேயே கிடையாது என்று அர்த்தம். பிறகு எப்படி? நிக்கலும் தங்கமும் மெல்லிசாகப் பூசி, 500 டிகிரி அளவில் காற்றிலேயே சூடாக்கினால் ஒட்டு அருமையாக அமைகிறது என்று 1999-ல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நிக்கல் ஆக்ஸிஜனைப் பிடித்து நிக்கல் ஆக்ஸைடு ஆகிறது. பூச்சு ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிந்தும் விடுகிறது. வெளிச்சம் வெளியே வர வேண்டிய சில்லுக்கு இது கூடுதல் லாபம்.

தங்கச்சியின் இரண்டாவது துண்டைக் கெடுத்த அதே காற்று! இதை அவள் சொன்னபோது சித்திக்குக் கோபம்தான் வந்தது. "அப்போ அந்தப் பக்கம் பூசியிருக்க வேண்டியதுதானே?" அப்படி மாற்றிப் பூச முடியாது சித்தி என்று சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை.

இந்த வேலை தூர தேசத்தில் மட்டும் நடப்பதில்லை. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி.ராஜகோபால் ரெட்டியின் குழு, காலியம் நைட்ரைடின் மேல் விதவிதமான உலோகங்களைப் பூசி, ஒவ்வொரு டிகிரியிலும் அந்த 'ஃபுட் வால்வு' என்ன ஆகிறது என்று வரிசையாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் இந்தப் படலங்களை வளர்த்துப் பார்த்த இடம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையே செய்கிறார்கள். ரேடார், செல்போன் டவர், சட்டென்று சார்ஜ் ஏற்றும் குட்டி சார்ஜர் எல்லாவற்றிலும் இப்போது இந்தப் பொருள் இருக்கிறது. அப்படி ஒரு டிரான்சிஸ்டரில் இரண்டு வகை ஒட்டும் தேவைப்படும். மின்சாரம் நுழையவும் வெளியேறவும் பைப் ஜாயின்ட், நடுவில் கட்டுப்படுத்த வால்வு. அதனால் வேலையில் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் பைப் ஜாயின்ட்டைப் பூசி, 850 டிகிரி சூட்டை முடித்த பிறகுதான் வால்வைப் பூசுவார்கள். முன்னே பூசிவிட்டால் அந்தச் சூட்டில் வால்வு தாங்காது.

நம் வீட்டுப் பல்பு ஃபியூஸ் ஆவது இந்த ஒட்டு கெட்டு என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் போவது அடியில் இருக்கும் டிரைவர் சர்க்கியூட்தான், அதிலும் குறிப்பாகச் சூட்டில் காய்ந்துபோகும் கெப்பாசிட்டர். காற்றோட்டம் இல்லாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்.இ.டி-யை மாட்டினால் சீக்கிரம் போகும். செய்யும்போது 850 டிகிரியைத் தாங்கிய பொருள், மாட்டிய பிறகு 100 டிகிரிக்கே அவதிப்படும் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது துண்டு

மீதம் இருந்தது ஒன்று. அதை அவளுடைய கைடு உள்ளூர் உலையில் வைக்க விடவில்லை. பூச்சு போட்ட அதே பெரிய லேபில், விளக்குகளால் சூடாக்கும் வேக உலைக்கு ஒரு நாள் காலையில் நேரம் வாங்கிக் கொடுத்தார். விநாடிக்குப் பத்து, இருபது டிகிரி என்று ஏறும். 30 விநாடி நிற்கும். உடனே இறங்கும். விடியற்காலை பஸ்ஸுக்கு சித்தப்பா பைக்கில் கொண்டுபோய் விட்டார். துண்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், டப்பா அவள் கைப்பையில், கைப்பை மடியில். வழியெல்லாம் அதைத் திறந்து பார்க்கவே இல்லை என்றாள்.

உலை வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அளப்பதற்குத்தான் நாள் முழுக்க. எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? உலோகப் பட்டைகளை வரிசையாக வைத்து, இடைவெளியை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வோர் இடைவெளிக்கும் மின்தடையை அளந்து கிராஃப் போட்டு, கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் இடைவெளி பூஜ்யம் ஆகும் இடத்திலும் கொஞ்சம் தடை மிச்சம் நிற்கும். தூரமே போகாவிட்டாலும் ஆட்டோவில் ஏறியதற்கே மினிமம் சார்ஜ் இருக்கிறதே, அது மாதிரி. அந்த மினிமம் சார்ஜ்தான் இரண்டு ஒட்டுகளின் விலை.

மாலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பச்சைத் திரையில் ஒரு கோடு. இரண்டு பக்கமும் வளையாமல், நடுவில் பூஜ்யத்தைத் தாண்டி நேராகப் போனது. அடியில் 'நேர்க்கோடு அக்கா' என்று மட்டும் எழுதியிருந்தாள். ஃபுட் வால்வு பைப்பாகிவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் இருப்பதைவிட அவளுடைய மினிமம் சார்ஜ் அதிகம்தான். ஒரு துண்டு, ஒரு டிகிரி, ஒரே தடவை. அதற்கு மேல் செய்து பார்க்க அவளிடம் கல் இல்லை.

வைவாவில் அவளிடம் அதிகம் கேட்டது நேர்க்கோட்டைப் பற்றி அல்ல. கருகிய இரண்டு துண்டுகளைப் பற்றித்தான் இருபது நிமிஷம் துருவினார்களாம். அம்மை முகப் படத்தை அவள் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கவில்லை. எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டபோது, வேண்டாம் என்று சொன்ன ஒரே நல்ல காரியம் என் பங்கு.

போன வாரம் போயிருந்தேன். மூன்று துண்டும் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. ஆயா மூன்றாவதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இருக்கிற தங்கத்த சொரண்டினா எவ்ளோ தேறும்?"

"ஒரு ரூபா கூட தேறாது ஆயா."

சித்தி உள்ளேயிருந்து சத்தம் கொடுத்தார். சங்கிலிக்கு ஆகஸ்ட் வரை வட்டி கட்டியாகிவிட்டதாம். தங்கச்சி இரண்டு இடத்துக்கு பிஹெச்.டி விண்ணப்பம் போட்டிருக்கிறாள், ஒன்று திருப்பதி. இன்னும் பதில் வரவில்லை.